ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் பேசுவதற்கு நேரம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகிக் கல்லூரிகள் திறக்கும் காலம் வந்துவிட்டால், அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்ற பேச்சும் கூடவே கிளம்பிவிடுகிறது. பேச்சின் முடிவில், பெரும்பாலும், அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்ற தீர்ப்பும் வந்து சேர்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போதும் அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு மாலை நேரங்களில் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க இயலவில்லை என்று தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஆர்வம் இருக்கிறது, ஒன்றாம் வகுப்பில் சேரும் நாளிலேயே அது பிள்ளையோடு பள்ளிக்குள் வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் அதை வாய் திறக்க விடாமல் உட்கார வைத்திருப்பவை நாம் வகுத்துக்கொண்ட பாடவேளையும் தேர்வு முறையுமே. கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். சுருக்கிச் சொன்னால் வழக்கமான புலம்பலாகப் போய்விடும் என்ற அச்சத்தால் விரித்து எழுதுகிறேன்.

இன்று கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகள் யார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் முறை 2020இல் நடைமுறைக்கு வந்தது; மறு ஆண்டிலேயே அது பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. உயர்கல்வியில் சேரும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகளும் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் கால் வைக்கிறார்கள். இந்தத் திட்டங்களை மனமார வரவேற்கிறேன். ஆனால், கல்லூரிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த பின்பு, முதல் மாதத்திலேயே அவர்களை மிரள வைப்பது கட்டணமோ விடுதிச் சாப்பாடோ அன்று. விரிவுரையாளர் வாய் திறந்ததும் பொழியும் ஆங்கிலம்தான்.

பிளஸ் டூவில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவிக்கு உந்தம் என்றால் என்னவென்று தெரியும், முடுக்கம் தெரியும், நிலைமம் தெரியும். கணக்கும் போடுவாள். வகுப்பில் மொமென்டம், அக்சிலரேஷன், இனெர்ஷியா என்று கேட்கும்போது, தான் அறிந்த பொருள்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதே அவளுக்குப் புலப்படுவதில்லை. பாடம் தெரியாமை ஒன்று, பாடத்தின் ஆங்கிலப் பெயர் தெரியாமை மற்றொன்று. பதினெட்டு வயதுப் பிள்ளையால் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. தனக்கு அறிவே இல்லை என்று முடிவுகட்டிக்கொள்கிறாள். என்னிடம் வருகிறவர்களில் பலர் முதலில் சொல்வது ஆங்கிலம் வரவில்லை என்பதன்று. "எனக்குப் படிப்பு வராது சார்" என்றே தொடங்குகிறார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் நன்றாகத் தேறி வந்த பிள்ளை இப்படிச் சொல்வதைக் கேட்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அடுத்து நேர்வது சிரிப்பு. ஒரு மாணவர் வகுப்பில் எழுந்து பாடப்பகுதியைப் படித்திருக்கிறார். ரசீது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் ஒலிக்காமல் நிற்கும் 'பி' என்ற எழுத்தையும் அவர் சேர்த்து ஒலித்திருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது, நடத்தியவரும் அடக்கிக்கொள்ளவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அவர் வகுப்பில் வாயைத் திறக்கவே இல்லை. செமினார் நாளன்று உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்துக்கொண்டார். அவர் என்ன பிழை செய்துவிட்டார்? தமிழில் எழுதியிருப்பதைப் படிக்கலாம், ஒலிப்பதை எழுதலாம். எழுதியும் ஒலிக்காத எழுத்து நம் நெடுங்கணக்கில் இல்லை. எழுத்தை நம்பிப் படிக்கக் கற்றவர் ஆங்கிலத்தையும் நம்பிப் படித்தார். ஆங்கிலத்தின் எழுத்துகள் 26, ஒலிகளோ நாற்பதுக்கும் மேல். அந்த எழுத்துக்கூட்டல் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒலிப்பைச் சுமந்துகொண்டிருப்பது. இதை ஆறாம் வகுப்பிலேயே யாராவது விளக்கியிருந்தால், அந்தச் சிரிப்பை அவர் அவமானமாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

மொழி கற்பவரின் ஊக்கத்தைப் பற்றி ஆராய்ந்தவர்களில் முன்னோடிகள் கனடாவைச் சேர்ந்த ராபர்ட் கார்ட்னரும் வாலஸ் லாம்பர்ட்டும். மான்ட்ரியல் நகரில் பிரெஞ்சு கற்ற ஆங்கிலம் பேசும் மாணவர்களை ஆராய்ந்து 1959இல் அவர்கள் எழுதியதில், ஊக்கம் இரு வகைப்படும் என்றார்கள். வேலை, வருவாய் போன்ற பயனுக்காகக் கற்பது ஒன்று. அந்த மொழியைப் பேசும் மக்களோடு கலந்து பழக விரும்பிக் கற்பது மற்றொன்று. இதைப் படிக்கும்போதெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளை எந்த வகையில் சேர்ப்பது என்று நான் யோசிப்பதுண்டு. அவர்கள் இங்கிலாந்துக்காரரோடு கலந்து பழக ஆங்கிலம் படிக்கவில்லை. அவர்களுக்கு ஆங்கிலம் பேசுகிறவர் என்றால், அடுத்த தெருவிலிருந்து தனியார் பள்ளி வேனில் ஏறிப் போகிற பிள்ளை. பெரிய கடையில் நம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாத ஆள். வங்கிப் படிவத்தை நீட்டி அலட்சியமாகப் பார்க்கிறவர். ஆங்கிலம் நமக்கு அயல்மொழி என்றாலும், அதைக் கொண்டு இழைக்கப்படும் இழிவு உள்ளூர்க்காரர்கள் இழைப்பதே. ஆகவே, நம் பிள்ளைகளின் ஆசையோடு அச்சமும் பின்னிப் பிணைந்தே வளர்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அச்சம் மட்டும் தெரிகிறது. அதை ஆர்வமின்மை என்று பெயரிட்டுவிடுகிறார்கள்.

ஆசை இருப்பதற்குச் சான்று வேண்டுமென்றால் சிறு நகரங்களின் பேருந்து நிலையத்துச் சுவர்களைப் பார்த்தாலே போதும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளின் விளம்பரம் ஒட்டாத சுவர் அரிது. அங்கே பணம் கட்டுகிறவர்கள் வசதி படைத்தவர்கள் அல்லர். பகுதி நேரமாகத் துணிக்கடையில் நின்று சம்பாதித்ததைக் கட்டுகிற கல்லூரிப் பிள்ளைகளும், மணமான பின்பு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர விரும்பும் தாய்மார்களும்தான்.

கற்கும் திறன் இல்லை என்பாரும் உண்டு. அவர்கள் மாமல்லபுரம் சென்று பார்க்கட்டும். கற்சிற்பம் விற்கிறவர்களும் சங்கு மாலை விற்கிற சிறுவர்களும் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஆங்கிலத்தில் விலை பேசுகிறார்கள். சிலருக்குப் பிரெஞ்சும் கொஞ்சம் வரும். அவர்கள் கற்ற ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இருக்கலாம், ஆனால் அது வேலை செய்யும் மொழி, கேட்டும் பேசியும் வந்த மொழி. இதற்கு மறுபக்கத்தைத் திருப்பூரில் காணலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பின்னலாடைத் தொழிலுக்கு வந்தவர்கள், தமிழ் எழுத்து ஒன்றைக்கூட அறியாமல், மளிகைக் கடையிலும் மருத்துவமனையிலும் தமிழில் பேசிச் சமாளிக்கிறார்கள். ஓசூர்ப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவ்வளவு ஏன், தமிழ்ப் பிள்ளை ஒவ்வொன்றும் வீட்டில் ஒரு தமிழும் பாடநூலில் வேறு தமிழுமாக இரண்டைக் கையாண்டு பழகியதுதான். மொழியைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலில் நம்மவர்க்கு எந்தக் குறையும் இல்லை. மாமல்லபுரத்துச் சிறுவனுக்குக் கிடைப்பதும் வகுப்பறைச் சிறுவனுக்குக் கிடைக்காததும் ஒன்றே: அவன் சொல்வதை எதிரே நிற்பவர் காது கொடுத்துக் கேட்கிறார்.

ஆங்கிலம் தமிழருக்கு எளிய மொழி என்று நான் சொல்ல வரவில்லை. அதன் கட்டமைப்பு நம் மொழியின் கட்டமைப்புக்கு நேர் எதிரானது. இதை ஒப்புக்கொள்ளாமல் நடத்துகிற பாடம் எடுபடாது. நம் வாக்கியத்தில் வினை இறுதியில் வந்து பொருளை முடித்துவைக்கும். ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்தே வினையைச் சொல்லிவிட வேண்டும். பேச வாயெடுக்கும் தமிழ்ப் பிள்ளை, தன் மனத்தில் கடைசியில் நிற்கும் சொல்லை முன்னே இழுத்து வந்தாக வேண்டும். அந்த ஒரு நொடித் தயக்கத்தைத்தான் நாம் தடுமாற்றம் என்கிறோம். 'அவர் ஆசிரியர்' என்று வினையே இல்லாமல் நாம் நிறைவாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அங்கே 'இஸ்' நின்றே தீர வேண்டும். வீட்டில், பேருந்தில், சென்னையில் என்று எல்லாவற்றுக்கும் 'இல்' என்ற ஓர் உருபு நமக்குப் போதும். அவர்களுக்கு அட், ஆன், இன் என்று மூன்று வேண்டும், எது எங்கே வரும் என்பதற்கு முழுமையான விதியும் கிடையாது. பெயருக்கு முன் வரும் 'எ', 'தி' ஆகியவற்றுக்குத் தமிழில் நிகரே இல்லை. இவற்றையெல்லாம் கைடு வாங்கி மனப்பாடம் செய்து பெற முடியாது. பல நூறு முறை கேட்டு, பல நூறு முறை சொல்லிப் பார்த்தே நாவுக்குப் பழக வேண்டும்.

ஒலிப்பும் அப்படித்தான். சொல்லின் இறுதியில் வல்லின மெய் நில்லாது என்பதை நன்னூல் படித்தவர் அறிவர். அதனால்தான் 'புக்' நம் வாயில் 'புக்கு' ஆகிறது, 'கேட்' 'கேட்டு' ஆகிறது. சொல்லின் முதலில் மெய்கள் இணைந்து வருவதையும் தமிழ் ஏற்காது. 'ஸ்கூல்' என்பதைக் கிராமத்துப் பாட்டி 'இஸ்கூலு' என்பது தாய்மொழியின் இலக்கணத்தை அவர் நாவு வழுவாமல் காப்பதால்தான். க, ச, ட, த, ப என்னும் எழுத்துகள் இடத்துக்கு ஏற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். ஆங்கிலத்திலோ, 'ப' என்ற ஒரே எழுத்தால் நாம் எழுதிக் குழம்பும் p, b இரண்டும் தனித்தனி ஒலிகள். இந்த வேறுபாடுகளைத் தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டு ஒருமுறை விளக்கிவிட்டால், பிள்ளைகள் முகத்தில் தோன்றும் தெளிவை நான் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். தங்கள் பிழைக்குக் காரணம் முட்டாள்தனம் இல்லை, தமிழ் தெரிந்திருப்பது என்று அறியும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆசிரியர் ஒரு சொல்லும் பேசாமல் நேரம் முழுவதையும் பிள்ளைகளுக்கே பங்கிட்டுக் கொடுத்தாலும், ஒருவருக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கும். நடப்பில் அந்த ஒரு நிமிடமும் இல்லை. பாடத்தைத் தமிழில் கதையாகச் சொல்வது, வினா விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது, மறுநாள் ஒப்பிக்கச் சொல்வது என்று நேரம் போய்விடுகிறது. இதற்கு ஆசிரியர்களை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்குரிய 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே உரியது. பிளஸ் டூவில் 90 மதிப்பெண் எழுத்துக்கு. எஞ்சிய 10 அகமதிப்பீடு. காதால் கேட்டுப் புரிந்துகொள்வதையும் வாயால் பேசுவதையும் நேருக்கு நேர் சோதிக்காத ஒரு தேர்வுக்கு, தேர்ச்சி விழுக்காடு கேட்டு நெருக்கப்படும் ஆசிரியர் எதற்காகப் பேச்சுப் பயிற்சி கொடுப்பார்?

மெல்லக் கற்போருக்கென்று தயாரித்துச் சுற்றுக்கு விடப்படும் கையேடுகளைப் பொதுமக்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். எந்தச் செய்யுளைக் கேட்டாலும் தலைப்பையும் கவிஞர் பெயரையும் மட்டும் மாற்றி எழுதிவிட்டு வரும்படி ஒரு பொதுப் பத்தி அவற்றில் இருக்கும். பிள்ளை அதை உருப்போட்டு எழுதித் தேறிவிடும். கவிதை எதைப் பற்றியது என்று கேட்டால் தெரியாது. அந்தக் கையேட்டைத் தயாரித்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஒரு பிள்ளையாவது தேர்ச்சி பெறாமல் நின்றுவிடக் கூடாது என்ற கவலை அது. ஆயினும், ஓர் ஆண்டு முழுக்க ஒரு மொழியைப் பொருள் இல்லாமல் உருப்போட்ட பிள்ளையின் மனத்தில், அந்த மொழியே பொருளற்றது என்ற எண்ணம் ஊறிவிடுகிறது. கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலத்தில் அரியர் மேல் அரியர் வைக்கும் மாணவர்களைக் கேட்டால், பலரும் அப்போதும் கைடைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு வழியில் கற்பிக்க முடியுமா என்றால், முடியும் என்று காட்டிய முயற்சி நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. ஆங்கிலம் கற்பித்தல் துறை அறிஞர் என்.எஸ். பிரபு அவர்களின் வழிகாட்டுதலில் 1979 முதல் 1984 வரை நடைபெற்று, பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் மொழி ஆசிரியர்களால் பேசப்படும் அந்த முயற்சி, சென்னையிலும் கடலூரிலும் உள்ள பள்ளிகளிலும் நடத்தப்பட்டது. இலக்கண விதிகளை வரிசையாகச் சொல்லிக்கொடுப்பதற்குப் பதிலாக, இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, அவற்றைக் கொண்டு தீர்க்க வேண்டிய சிறு சிக்கல்களைப் பிள்ளைகள் முன் வைத்தார்கள். பிள்ளையின் கவனம் முழுவதும் விடை காண்பதில் இருக்கும். மொழி தானாக நாவில் ஏறும் என்பது அதன் கருத்து. அதன் பலன்களை அறிஞர்கள் பலவாறு மதிப்பிட்டிருக்கலாம். ஆயினும், பணிக்காலத்தில் அந்த முறையை என் வகுப்புக்கு ஏற்றபடி நான் கையாண்டபோது கண்டதைச் சொல்லத்தான் வேண்டும். விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் காட்பாடிக்கும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இருப்புப்பாதைகள் பிரிகின்றன. காலை எட்டு மணிக்குத் திருவண்ணாமலையிலிருந்து கிளம்புகிறவர் மாலைக்குள் மயிலாடுதுறை போய்ச் சேர எந்த வண்டியில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, அட்டவணையைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தால், கடைசி வரிசைப் பையன்தான் முதலில் எழுந்து நிற்பான். உடைந்த ஆங்கிலத்தில் சொல்வான், ஆனால் சரியான விடையைச் சொல்வான். அவனிடம் ஆர்வம் இல்லை என்று எவர் சொல்ல முடியும்?

வாசிப்பு இதற்கு அடுத்த துணை. தமிழகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்களும் வாழ்கிற ஃபிஜி நாட்டில், 1980இல், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, படங்களோடு கூடிய 250 கதைப் புத்தகங்களை வகுப்புக்கு வழங்கி, நாள்தோறும் படிக்க விட்டார்கள். பாடநூல் பயிற்சியில் மட்டும் இருந்த பிள்ளைகளைவிட இவர்களின் வாசிப்புத் திறன் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. நம் பள்ளிகளிலும் நூலகம் உண்டு. பல இடங்களில் அது பூட்டிய பீரோ. உள்ளே இருக்கும் ஆங்கில நூல்களோ பத்தாம் வகுப்புப் பிள்ளையும் படிக்க இயலாத கனத்தில் இருக்கும். அன்றைய டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளுக்காக எளிய சொற்களில் வாசிப்பு நூல்களை எழுதியவர். 1953இல் அவர் வெளியிட்ட ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் புகழ் பெற்றது. சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கை அந்த அளவுச் சொற்களே நிரப்பிவிடுகின்றன. இதைச் சொன்னதும் என் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். ஆங்கிலம் என்பது கரை காணாத கடல் என்று யாரோ அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

பயிற்றுமொழியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு சொல். அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் 2013-14 கல்வியாண்டில் பெருமளவில் விரிவாக்கப்பட்டன. பெற்றோர் விரும்பிக் கேட்டதால் வந்தவை அவை. அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால், வீட்டில் ஓர் ஆங்கிலச் சொல்லும் காதில் விழாத பிள்ளைக்கு அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தினால், ஆங்கிலமும் வராமல் அறிவியலும் விளங்காமல் இரண்டும் கைவிட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது. அத்தகைய பிரிவுகளிலும் பாடம் தமிழில்தான் விளக்கப்படுகிறது, தேர்வு மட்டும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது என்பது பள்ளியோடு தொடர்புள்ள எவரும் அறிந்தது. தமிழகம் 1968இல் ஏற்ற இருமொழிக் கொள்கையின்படி தமிழும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். ஒன்றை வாங்க மற்றொன்றை விற்க வேண்டியதில்லை. தமிழில் ஊன்றி நின்று, ஆங்கிலத்தை நல்ல முறையில் ஒரு மொழியாகக் கற்பதே நம் பிள்ளைகளுக்கு உகந்தது என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கில வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று தண்டம் விதிக்கும் பள்ளிகளைப் பற்றிக் கேள்விப்படும்போது கோபம் வருகிறது. தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டம் கட்டிய பிள்ளை, தண்டம் வாங்கிய மொழியை எப்படி நேசிக்கும்?

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பணியில் சேர்ந்த காலத்தில், வரலாறோ அறிவியலோ படித்தவர்கள் ஆங்கிலமும் சேர்த்து எடுப்பது வழக்கமாக இருந்தது. இன்று ஆங்கிலம் படித்தவர்களே வருகிறார்கள். ஆனால் அவர்களிலும் பலர் இதே தேர்வு முறையில், இதே மௌனத்தில் பயின்று வந்தவர்கள். பிள்ளைகள் முன் தொடர்ந்து ஆங்கிலத்தில் பேசக் கூசுகிறார்கள். பெங்களூரில் 1963 முதல் இயங்கும் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் தென் மாநில ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. அத்தகைய பயிற்சி மாவட்டந்தோறும், ஆண்டுதோறும் வேண்டும். ஆசிரியர்களும் ஒருவரோடொருவர் பேசிப் பழகுகிற பயிற்சியாக அது அமைய வேண்டும். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் எமிஸ் இணையத் தளத்தில் விவரம் ஏற்றும் வேலையிலிருந்து அவர்களை விடுவித்தாலே பாதி நேரம் மீளும் என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

கல்லூரிகள் செய்யக்கூடியது பெரிய செலவு பிடிக்காதது. முதற்பருவத்தின் முதற்சில வாரங்களில், ஒவ்வொரு பாடத்தின் அடிப்படைக் கலைச்சொற்களையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே அச்சிட்டுக் கொடுத்து, இரண்டையும் சொல்லி நடத்தினால் போதும். மேலே நான் சொன்ன இயற்பியல் மாணவி பிழைத்துக்கொள்வாள். மாணவர்களின் திறனை வளர்ப்பதற்கான அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சியும் ஓர் அங்கமாக இருப்பது நல்லதே. ஆனால், திரையைப் பார்த்துச் சொடுக்கிச் சான்றிதழ் பெறுவது மட்டும் பேச்சு ஆகாது. எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

என் முதன்மையான வேண்டுகோள் தேர்வைப் பற்றியது. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைத் தேர்வுக்கு 25 என்று மதிப்பெண்ணைப் பிரித்திருக்கிறோம். உப்பின் நிறத்தையும் மணத்தையும் ஏட்டில் மட்டும் படித்தால் போதாது என்று நாம் உணர்ந்திருக்கிறோம். மொழிக்கு மட்டும் வாயும் செவியும் தேவையில்லை என்று எப்படி முடிவு செய்தோம்? ஆங்கிலத்திலும் 20 மதிப்பெண்ணைக் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் ஒதுக்கலாம். அகமதிப்பீட்டைப் போல எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்று சிலர் மறுக்கக்கூடும்; அதற்காகவே வேறு பள்ளி ஆசிரியர் வந்து சோதிக்கும் முறை வேண்டும். அரசுப் பள்ளிகளில் நிறுவப்பட்டுள்ள ஹைடெக் லேப்களில் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்துவைத்தால் ஐயம் எழும்போது மீண்டும் கேட்டுப் பார்க்கலாம். கிராமத்துப் பிள்ளைகள் இதனால் மதிப்பெண் இழப்பார்கள் என்ற கவலைக்கும் விடை உண்டு. உச்சரிப்பின் நளினத்துக்கு மதிப்பெண் வேண்டாம். ஒரு படத்தைப் பார்த்து விவரித்தல், ஓர் அறிவிப்பைக் கேட்டுவிட்டு எந்த மேடையில் எந்த வண்டி என்று சொல்லுதல், தன் ஊரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுதல் ஆகியவற்றில், சொன்னது கேட்பவருக்கு விளங்கியதா என்பதை மட்டும் பார்த்து மதிப்பெண் இட வேண்டும்.

இதைப் பத்தாம் வகுப்பில் திடீரென்று புகுத்தினால் பிள்ளைகள் மிரண்டுபோவார்கள். ஆகவே, வரும் கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் சேர்பவர்களிடம் தொடங்கி, வாரத்தில் ஒரு பாடவேளையைப் பாடநூல் திறக்காத பேச்சு வேளையாக ஒதுக்கி, அந்த அணி பொதுத்தேர்வை எட்டும் ஆண்டில் மதிப்பெண்ணை நடைமுறைப்படுத்த வேண்டும். பள்ளிக் கல்வித் துறையும் அரசுத் தேர்வுகள் இயக்ககமும் அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தின்போது இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.